தூக்கக் கலக்கம்

ஆம்புலன்ஸ் என்றதும் முதலில் எது ஞாபகத்துக்கு வரும்? சைரன். அப்புறம் மேலே சுற்றும் விளக்கு. அப்புறம் ஒதுங்கி வழிவிடும் பஸ், ஒதுங்காத பைக். சினிமாவிலும் இதேதான். வண்டி பறக்கும், ஸ்ட்ரெச்சர் உருளும், அடுத்த காட்சியில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வருவார். நடுவில், வண்டியின் பின்கதவு மூடின பிறகு உள்ளே என்ன நடந்தது என்று பெரும்பாலும் காட்டுவதில்லை.

அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் இல்லை. ஆனால் அடுத்த இருபது நிமிடத்துக்கு நோயாளிக்கு டாக்டர், நர்ஸ், உறவினர் எல்லாம் அவர்தான். வெளிநாட்டில் பாராமெடிக் என்பார்கள். இங்கே இ.எம்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கிராமத்தில் ஆணாக இருந்தால் "ஆம்புலன்ஸ் தம்பி", பெண்ணாக இருந்தால் "நர்ஸம்மா". அவ்வளவுதான் மரியாதை :-)

இந்தக் கட்டுரை அவர் வேலையைப் பற்றியது. வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைப் பற்றி இல்லை. அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பற்றி.

ஒரு ராத்திரி

ஒரு ராத்திரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இடம், பாகூர் கொம்யூனில் சேலியமேடு பக்கம் வயலை ஒட்டி ஒரு வீடு. நேரம் அதிகாலை மூன்றரை. வீட்டுக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ராத்திரி புழுக்கம் தாங்காமல் வாசல் பக்கம் தரையில் பாய் போட்டுப் படுத்தவர். மூன்று மணிக்கு வயிற்று வலி என்று எழுந்தார். இரண்டு முறை வாந்தி. மனைவி 108-க்குப் போன் செய்தார். போனில் சொன்னது ஒரே விஷயம்: "வயித்து வலி, வாந்தி."

வண்டி வந்து நிற்கிறது. நர்ஸம்மா இறங்குகிறார். இருபத்தைந்து வயது. வீட்டுப் பாட்டி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொல்கிறார்:

"ஒண்ணும் இல்ல பாப்பா. ராத்திரி கருவாட்டுக் கொழம்பு கொஞ்சம் ஜாஸ்தியா சாப்புட்டான். ஒரு ஊசி போட்டா சரியாப் போயிடும்."

நர்ஸம்மா பதில் சொல்லவில்லை. முதலில் டார்ச் அடித்துத் தரையைப் பார்க்கிறார். பிறகுதான் நோயாளி பக்கம் உட்காருகிறார். இதுதான் பயிற்சியின் முதல் பாடம். எந்த இடத்துக்குப் போனாலும் "இந்த இடம் எனக்குப் பாதுகாப்பா?" என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். அறுந்து கிடக்கும் கரண்ட் கம்பி, கசியும் கேஸ், நிற்காமல் வரும் லாரி, சண்டை முடியாத வீடு... காப்பாற்ற வந்தவரே விழுந்தால், ஒரு நோயாளி இருந்த இடத்தில் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள்.

"அண்ணா, என்னைப் பாருங்க. உங்க பேர் என்ன?"

பெயர் வருகிறது. சரியாகச் சொல்கிறார். அந்த ஒரு பதிலில் நர்ஸம்மாவுக்கு மூன்று விஷயம் தெரிந்துவிடுகிறது. நினைவு இருக்கிறது. பேசுகிறார் என்றால் மூச்சுக்குழாய் அடைபடவில்லை. பேசும் அளவுக்குக் காற்று உள்ளே போய் வருகிறது.

ஆனால் குரல் ஒரு மாதிரி இருக்கிறது. மூக்கால் பேசுவதுபோல. கண் பாதி மூடியிருக்கிறது.

"எப்பவும் இவர் கண் இப்படித்தான் இருக்குமா அக்கா?"

மனைவி சொல்கிறார்: "இல்லம்மா, தூக்கக் கலக்கம்தான்."

கதை இங்கேயே கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

வரிசை

அவசர சிகிச்சையில் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே வரிசைதான். காற்று போகும் பாதை திறந்திருக்கிறதா? மூச்சு நடக்கிறதா? ரத்த ஓட்டம் இருக்கிறதா, எங்காவது ரத்தம் கொட்டுகிறதா? நினைவு எப்படி இருக்கிறது? உடம்பில் வேறு எங்காவது காயம் மறைந்திருக்கிறதா? ஆங்கில எழுத்தில் ஏ, பி, சி, டி, இ என்று மனப்பாடம் செய்வார்கள்.

வரிசை எதற்கு? எது சீக்கிரம் கொல்லுமோ அது முதலில். மூச்சுப்பாதை அடைத்தால் சில நிமிடங்கள்தான். ரத்தம் வேகமாகக் கொட்டினாலும் சில நிமிடங்கள்தான்; அதனால் குழாய் திறந்ததுபோல் ரத்தம் பீறிட்டால் அதை அழுத்திப் பிடிப்பதே முதல் வேலை. உடைந்த கால் பார்க்க பயங்கரமாக இருக்கும், கத்தல் காதைப் பிளக்கும். ஆனால் பெரும்பாலும் அது காத்திருக்கும். விபத்து நடந்த இடத்தில் மூன்று பேர் கிடந்தால், அதிகமாகக் கத்துபவரிடம் முதலில் ஓடக் கூடாது என்பார்கள். கத்துபவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமே போடாமல் கிடக்கிறாரே, அவரிடம்தான் முதலில் போக வேண்டும்.

காஸ்டிங் வகுப்பில் ஃபிஃபோ படித்தவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும் என்பது கணக்கு. ரேஷன் கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் அதுதான் நியாயம். அவசர சிகிச்சையில் அந்த நியாயம் செல்லாது. இங்கே யார் முதலில் வந்தார் என்பது கேள்வியே இல்லை. யாருக்கு நேரம் குறைவாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்த நியாயத்தைப் போர்க்களத்தில் பிடிவாதமாக நடத்திக் காட்டியவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பது புதுச்சேரிக்காரர்களுக்குச் சுவாரசியமாக இருக்கலாம். டொமினிக் ஜான் லாரே. நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர். அதுவரை சண்டை முடிந்த பிறகுதான் காயம்பட்டவர்களை எடுப்பார்கள். லாரே 1790-களில் குதிரை பூட்டிய இலகுவான வண்டிகளைச் சண்டை நடக்கும்போதே உள்ளே அனுப்பினார். பறக்கும் ஆம்புலன்ஸ் என்று அதற்குப் பெயர். பதவியைப் பார்க்காதே, எந்த நாட்டுக்காரன் என்று பார்க்காதே, காயத்தைப் பார் என்றார். காயத்தின் கடுமையை வைத்து நோயாளிகளைப் பிரிப்பதற்கு இன்று உலகம் முழுக்கச் சொல்லும் பெயரே பிரெஞ்சுச் சொல்தான்: ட்ரியாஜ். தரம் பிரிப்பது என்று அர்த்தம்.

புதுச்சேரிக்கு பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனதில் மருத்துவமும் உண்டு. இன்றைய ஜிப்மரின் வேர், அவர்கள் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி. ஆனால் ஆம்புலன்ஸ் விஷயத்தில் இங்கே வந்தது பிரெஞ்சு முறை இல்லை. பிரான்சில் 15 என்ற எண்ணுக்கு அழைத்தால் அந்த மையத்தில் டாக்டரே இருப்பார், நிலைமை மோசம் என்றால் டாக்டரே வண்டியில் வருவார். அமெரிக்காவில் டாக்டருக்குப் பதில் பயிற்சி பெற்ற பாராமெடிக். 2005 ஆகஸ்ட் 15-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய 108, 2008-இல் தமிழ்நாட்டுக்கு வந்தபோதும் இந்த இரண்டாவது வழியில்தான் வந்தது. ஒரு டிரைவர், ஒரு இ.எம்.டி. இந்தியாவின் உதவியோடு 2016-இல் தொடங்கிய இலங்கையின் 1990 ஆம்புலன்ஸ் சேவையும் அப்படியே.

யாரும் மதிக்காத ஆட்கள்

அமெரிக்க முறை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1960-களில் அமெரிக்காவின் பல ஊர்களில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது யார் தெரியுமா? போலீஸ் வேன். இல்லையென்றால் சவ அடக்கம் செய்யும் கம்பெனியின் வண்டி! படுக்க வைத்துக்கொண்டு போகிற அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. பின்னால் உட்கார்ந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெரும்பாலும் யாரும் கிடையாது.

பீட்டர் சஃபர் என்ற டாக்டர் அப்போது பிட்ஸ்பர்க் நகரத்தில் இருந்தார். வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதும் முதலுதவியை ஆராய்ச்சி செய்து நிரூபித்தவர்களில் ஒருவர். 1966-இல் அவருடைய பதினொரு வயது மகள் ஆஸ்துமாவில் இறந்துபோனாள். அடுத்த ஆண்டு, 1967-இல், அந்த நகரத்தின் ஏழைக் கறுப்பினப் பகுதியில் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் தொடங்கியது. வேலை இல்லாத, வேலை கிடைக்காது என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்களை எடுத்து, சஃபரின் பாடத்திட்டத்தில் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். பின்னர் நான்சி கரோலைன் என்ற இளம் டாக்டர் அவர்களோடு வண்டியிலேயே போய் வந்து கற்றுக்கொடுத்தார். பாராமெடிக் படிப்புக்கு அமெரிக்கா முழுவதற்குமான பாடத்திட்டம் அந்த அனுபவத்திலிருந்துதான் வந்தது. ஆனால் 1975-இல் நகராட்சி தன் சொந்த சேவையை ஆரம்பித்து, ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டது. உலகத்துக்குப் பாடம் எழுதிக் கொடுத்தவர்களுக்குக் கடைசியில் வண்டி இல்லை.

இந்தியாவில் இந்த வேலைக்குச் சட்டப்படி ஓர் அடையாளம் கிடைக்கவே 2021 ஆனது. அந்த ஆண்டு வந்த துணைநிலை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில்தான் பாராமெடிக் என்பது ஒரு தொழிலாகப் பட்டியலில் ஏறியது. அதுவரை பலர் கண்ணுக்கு அவர் "வண்டில வர்ற ஆள்".

சரி, சேலியமேட்டு வீட்டில் நர்ஸம்மா காத்திருக்கிறார்.

தரையில் பாய்

"அண்ணா, தலையை அசைக்காம மேல பாருங்க. என் விரலையே பாருங்க."

கண் மேலே போகிறது. இமை கூட வரவில்லை.

"தலையைத் தலகாணில இருந்து தூக்குங்க."

தூக்க முயற்சி செய்கிறார். பாதியிலேயே விழுகிறது.

"இப்ப ஒரு நல்ல மூச்சு இழுத்து, அதே மூச்சுல ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க. நடுவுல மூச்சு விடக் கூடாது."

இருபத்து மூன்று வரை எண்ணுகிறார். நர்ஸம்மா கையில் வைத்திருக்கும் தாளில் எழுதிக்கொள்கிறார்: 3.42, இருபத்து மூன்று. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது என்று காட்டுகிறது. நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பரவாயில்லை. கருவிகளை மட்டும் நம்பினால் இது வெறும் வயிற்று வலி கேஸ்.

இந்த இடத்தில்தான் அவர் சந்தேகப்படுகிறார். அதிகாலை நேரம். தரையில் பாய். பக்கத்தில் வயல். காரணம் தெரியாத வயிற்று வலி. இமை தொங்குகிறது. இவை எல்லாம் சேர்ந்தால், இல்லை என்று நிரூபிக்கப்படும் வரை அது கட்டுவிரியன்.

கட்டுவிரியனைச் சில ஊர்களில் எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள். இந்தியாவில் அதிகம் பேரைக் கொல்லும் நான்கு பாம்புகளில் ஒன்று. மற்ற மூன்றும் நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கண்ணாடி விரியன் கடித்தால் கடித்த இடம் வீங்கும், வலி உயிர் போகும், ரத்தம் உறையாமல் போகும். யாராக இருந்தாலும் பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். கட்டுவிரியன் நேர் எதிர். ராத்திரியில் வீட்டுக்குள் வரும். தூங்குபவர் புரண்டு படுக்கும்போது கடிக்கும். எறும்பு கடித்தது மாதிரிகூட இருக்காது. வீக்கம் கிடையாது. பல் பட்ட இடம் டார்ச் அடித்துத் தேடினாலும் பல நேரம் தெரியாது. கடிபட்டவர் திரும்பப் படுத்துத் தூங்கிவிடுவார். விஷம் நரம்பு முனைகளில் வேலை செய்து தசைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். முதலில் இமை, பிறகு விழுங்குவது, பேச்சு, கழுத்து. கடைசியில் மூச்சு.

அதாவது வெளியே இருந்து பார்த்தால், தூக்கக் கலக்கம்.

பாட்டி நம்பவில்லை. "பாம்பு கடிச்சா தெரியாதா பாப்பா? காலு வீங்கலியே. வாயில நொரை வரலியே. விடிஞ்சதும் டாக்டராண்ட கூட்டிம் போறோம். இந்நேரத்துல எதுக்கு?"

இந்த வேலையின் கஷ்டமான நிமிடம் இதுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு கடியை, தெரியாத ஒரு பாம்பை, தூக்கத்தில் இருந்து எழுந்து நிற்கும் ஒரு குடும்பத்தை நம்ப வைக்க வேண்டும். அதட்டினால் வேலை நடக்காது. பயமுறுத்தினால் வீடே அழ ஆரம்பித்துவிடும். நர்ஸம்மா மறுபடி நோயாளியிடம் திரும்புகிறார்.

"அண்ணா, இன்னொரு தடவை எண்ணுங்க."

பதினேழு.

"ஆயா, கேட்டீங்களா? மொதல்ல இருபத்து மூணு. இப்ப பதினேழு. விடியறதுக்குள்ள இது எங்க போய் நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரில போய் ஒண்ணும் இல்லன்னா, திரும்பி வந்து என்னைத் திட்டுங்க."

பாட்டி ஒன்றும் பேசவில்லை. மனைவி உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வருகிறார்.

கையில் இருப்பதும் இல்லாததும்

பாம்புக்கடி மருந்தை வண்டியிலேயே போட்டால் என்ன என்று தோன்றும். அந்த மருந்து குதிரையின் ரத்தத்தில் தயாராகிறது. விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து எடுக்கிறார்கள். அதனால் சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கி ரத்த அழுத்தத்தைத் தடாலென்று இறக்கிவிடும். டாக்டர் பக்கத்தில் நின்று, அதைச் சமாளிக்கும் மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு ஏற்ற வேண்டும்.

அந்த விஷம் எங்கிருந்து வருகிறது? இந்தியாவில் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகும் விஷத்தில் பெரும் பகுதி, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து போகிறது. 1978-இல் தொடங்கிய சங்கம். பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டு இருளர்களின் பிழைப்பு போனபோது, ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று உருவாக்கியது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுவார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாகூரில் ஒருவருக்கு ஏறும் பாட்டிலுக்குப் பின்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் யாரோ ஒரு இருளர் வெறும் கையால் பிடித்த பாம்பு இருக்கலாம்.

சரி, மருந்து போட முடியாது. அப்போது நர்ஸம்மா என்னதான் செய்கிறார்? கையை, காலை அசைக்காமல் படுக்க வைக்கிறார். கயிறு கட்டவில்லை, கீறவில்லை, உறிஞ்சவில்லை. இவை மூன்றும் கெடுதல் என்று பாடம் தெளிவாகச் சொல்கிறது. வாந்தி மூச்சுக்குழாயில் போகாதபடி ஒருக்களித்துப் படுக்க வைக்கிறார். மோதிரத்தையும் அரைஞாண் கயிற்றையும் தளர்த்துகிறார். வாயில் தண்ணீர்கூடக் கொடுக்க விடவில்லை. விழுங்கும் தசை எப்போது நிற்கும் என்று தெரியாது. நரம்பில் ஊசி ஏற்றி வழி செய்து வைக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "கட்டுவிரியன் சந்தேகம், இமை இறங்கிடுச்சு, வெண்டிலேட்டர் தயாரா இருக்கட்டும்" என்கிறார். இந்த ஒரு போன், அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வீணாகும் நேரத்தை மிச்சம் பிடிக்கும்.

எந்த ஆஸ்பத்திரி என்பதும் அவர் யோசிக்க வேண்டிய கேள்வி. பாகூரில் இருந்து புதுச்சேரி நகரம் ஏறக்குறைய 20 கி.மீ. ஜிப்மர் நகரத்தையும் தாண்டி கோரிமேட்டில். பாகூருக்குப் பக்கத்திலேயே, கடலூர் சாலையில் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வில்லியனூர்க்காரர்களுக்குக் கணக்கு வேறு. குடும்பத்தின் மனதில் இருப்பது நம்பிக்கையும் செலவும். "எங்க போனா காசு ஆவாது?" என்று கேட்பதில் தப்பே இல்லை. நர்ஸம்மா மனதில் இருப்பது இரண்டே கேள்வி: மருந்து இருக்கிறதா? மூச்சு நின்றால் பிடித்துக்கொள்ள மெஷின் இருக்கிறதா? பெரிய பெயர் இல்லை, பதினேழு பூஜ்யம் ஆவதற்குள் எட்டக்கூடிய இடம்.

வண்டி போகும் வழியில் எண்ணிக்கை ஒன்பதுக்கு வருகிறது. பிறகு எண்ண முடியவில்லை. நர்ஸம்மா முகமூடியை அவர் முகத்தில் அழுத்தி, ஆம்பு பையைப் பிழிய ஆரம்பிக்கிறார். ஐந்து, ஆறு வினாடிக்கு ஒரு தடவை. காற்று உள்ளே போகிறது, மார்பு ஏறி இறங்குகிறது. கட்டுவிரியன் கடித்து இப்படிக் கிடப்பவருக்குப் பல நேரம் நினைவு முழுசாக இருக்கும். இமை திறக்காது, விரல் அசையாது, ஆனால் பேசுவது கேட்கும். அதனால் நர்ஸம்மா பேசிக்கொண்டே பிழிகிறார். "அண்ணா, நான் பக்கத்துலயே இருக்கேன். மூச்சை நான் பாத்துக்கறேன். பயப்படாதீங்க."

கையால் காற்றுப் பை பிழிந்து உயிரைப் பிடித்து வைக்க முடியுமா என்று கேட்பவர்கள் 1952-ஆம் ஆண்டு கோபன்ஹேகனைப் படிக்க வேண்டும். டென்மார்க்கில் போலியோ பயங்கரமாகப் பரவியது. மூச்சுத் தசை செயலிழந்து வந்த முதல் 31 பேரில் 27 பேர் செத்துப்போனார்கள். ஆஸ்பத்திரியில் மெஷின்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர், தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, கையால் பையைப் பிழிந்து காற்று கொடுக்கலாம் என்றார். பிழிவதற்கு ஆள்? கல்லூரி மாணவர்கள்! ஏறக்குறைய 1500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக, வாரக்கணக்கில் உட்கார்ந்து பிழிந்தார்கள். சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பிறந்ததே அந்த மாணவர்கள் கையில் என்று சொல்வார்கள்.

கட்டுவிரியன் விஷயத்திலும் கணக்கு அதேதான். விஷம் ஏற்கெனவே கெடுத்த நரம்பு முனையை மருந்து திருப்பித் தராது. அது தானாகத் தேறி வர நாட்கள் ஆகும். ஆனால் தேறும். அதுவரை யாராவது, எதுவாவது, காற்று கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம், சாவுக்கும் நடந்து வீட்டுக்கு வருவதற்கும்.

தூரம் என்பது கிலோமீட்டர் இல்லை

வில்லியனூர், பாகூர் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வரைபடத்தில் புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் சாலையில் போனால் கண்டமங்கலம் தமிழ்நாடு, இன்னும் கொஞ்சம் போனால் திருபுவனை மறுபடி புதுச்சேரி. வயலுக்கும் பாம்புக்கும் மாரடைப்புக்கும் அந்த எல்லை தெரியாது.

மழைக்காலத்தில் தூரமே மாறிவிடும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.-க்கு மேல் மழை. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. சங்கராபரணியும் கரைபுரண்டது. சாதாரண நாளில் பத்து நிமிடம் ஆகும் சாலை, அன்றைக்குச் சாலையே இல்லை. வெள்ளத்தில் வளையை இழந்த பாம்புகள் மேட்டைத் தேடி வரும். மேடு என்பது பெரும்பாலும் யாருடைய வீட்டுத் திண்ணையோ.

அதனால்தான் வண்டி வருவதற்கு முந்தைய நிமிடங்கள் வீட்டில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கின்றன. நர்ஸம்மா பார்க்கும் வரிசையில் கொஞ்சம் தெரிந்திருந்தாலே போதும். வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தூக்க முடியாமல், பேச்சு குழறினால் அது பக்கவாதம். எப்போது ஆரம்பித்தது என்ற நேரத்தைக் குறித்து வைத்தால், ரத்தக்கட்டி கரைக்கும் ஊசிக்குரிய நாலரை மணி நேரக் கணக்கு டாக்டருக்குக் கிடைக்கும். ஒருவர் விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், நடு மார்பில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், வண்டி வரும் வரை. சர்க்கரை நோய்க்காரர் வேர்த்துக் கொட்டி உளறினால், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், சர்க்கரைத் தண்ணீர்.

சாலை விபத்தில் உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவி செய்பவர்களுக்குப் பாதுகாப்புத் தரும் விதிகளுக்கு உயிர் கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவாக அது ஏறியது. பெயர்கூடச் சொல்லாமல் சேர்த்துவிட்டு வரலாம். யாரும் பிடித்து வைக்க முடியாது.

ஒப்படைப்பு

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் இறங்குகிறது. நர்ஸம்மா பையைப் பிழிந்துகொண்டே டாக்டரிடம் சொல்கிறார். மூன்று மணிக்கு வயிற்று வலி. தரையில் படுத்தவர். 3.42-க்கு இருபத்து மூன்று. 3.50-க்குப் பதினேழு. 4.02-க்கு ஒன்பது. 4.07-இல் இருந்து பை. ஒரு ஜர்னல் என்ட்ரி மாதிரி, நேரம், விவரம், எண்ணிக்கை. கதை இல்லை, கருத்து இல்லை. அந்த நாலு வரியைப் படித்த டாக்டர் மருந்துக்குக் கை நீட்டுகிறார். வெறும் "வயித்து வலி, வாந்தி" என்று வந்திருந்தால் அந்தக் கை எப்போது நீண்டிருக்கும்?

மனைவி வண்டிப் பக்கம் நிற்கிறார். "பொழைச்சுக்குவாராம்மா?"

இந்தக் கேள்விக்கு வண்டியில் வருபவர்களுக்குப் பதில் தெரியாது. பெரும்பாலும் அடுத்த நாளும் தெரியாது. நோயாளியைக் கொடுத்துவிட்டு அடுத்த போனுக்குப் போக வேண்டும். என்ன ஆனது என்று யாரும் அழைத்துச் சொல்வதில்லை.

"சீக்கிரமா கூப்ட்டீங்க அக்கா. அது நல்லது" என்று சொல்லிவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் துடைத்து, தாளின் நகலை மடித்து வைத்துக்கொள்கிறார். டிரைவர் அண்ணன் வண்டியைத் திருப்புகிறார்.

இதைப் படிப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஊரில் யாராவது தரையில் படுக்கிறார்களா என்று பாருங்கள். கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். கட்டுவிரியனுக்கு அதைவிட மலிவான மருந்து கிடையாது. ராத்திரி எழுந்தால் டார்ச். விடியற்காலையில் யாராவது வயிற்று வலி என்று எழுந்து, கண் பாதி மூடியிருந்தால், "தூக்கக் கலக்கம்" என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். மேலே பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்துவிடுங்கள்.